சேறு படிந்த நாயும் சிறிய வேனும்

பிரிட்டனில் விடுமுறை நாட்களைச் சிறிய வேன் ஒன்றில் கழிப்போர் மிகப் பலர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். 1950ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் செய்யத் தொடங்கிய பெட்டி வடிவ வேன் இப்பழக்கத்தை ஐரோப்பாவில் பெரிதும் பரப்பியது. இப்பயணங்களில் வீட்டு நாயும் உடன் செல்வது வழக்கம். பகல் முழுதும் குன்றுகளில் நடை. மாலையில் அடிவயிறு வரை சேறு அப்பிய நாய் வண்டியின் வாசற்படியில் வந்து நிற்கிறது. உள்ளேயோ ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கும் அளவே இடம். இந்த நாயை எவ்வாறு துடைத்து உலர்த்துவது?

மாணவியரே, இது வேடிக்கையான வினாவாகத் தோன்றலாம். ஆயினும் பௌதிகம், உயிரியல், இல்லவியல் மூன்றும் இதில் கலந்து நிற்கின்றன. விடையில் பிழை நேர்ந்தால் வண்டியில் உறங்குவோரின் உயிருக்கே ஆபத்து வரும் என்பதையும் பின்னர் காண்போம்.

முதலில் சேற்றைப் பற்றி ஒரு சொல். எல்லாச் சேறும் ஒன்றல்ல. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்தில், 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டில், பீட் எனப்படும் கறுப்பு மண் உண்டு. செடிகொடிகள் நீரில் ஊறி அரைகுறையாக மக்கியதால் உண்டான மண் அது. குழம்புபோல் மென்மையானது, துணியில் பட்டால் கறை போவது அரிது. தெற்கு டௌன்ஸ் குன்றுகளிலோ சுண்ணாம்பு கலந்த களிமண். பசைபோல் ஒட்டிக்கொண்டு, காய்ந்தால் வெண்பொடியாக உதிரும். கடற்கரை மணல் சேறே அன்று எனலாம். ஆனால் அதனுடன் வரும் உப்பு தோலை அரிக்கும்.

இனி நாயின் மயிரைக் கவனியுங்கள். லாப்ரடார் போன்ற நாய்களுக்கு இரண்டு அடுக்கு மயிர் உண்டு. மேலடுக்கு முரடானது, எண்ணெய்ப் பசையுள்ளது, நீரை வழியவிடும். கீழடுக்கு கம்பளிபோல் அடர்ந்தது. காற்றைச் சிறைப்பிடித்து உடற்சூட்டைக் காக்கும். ஈரச் சேற்றைத் துண்டால் அழுத்தித் தேய்த்தால் அது வெளியே வருவதற்கு மாறாக இந்தக் கீழடுக்கிற்குள் புகுந்துவிடுகிறது; மயிரும் சிக்குப்பிடிக்கிறது. ஆகவேதான் அனுபவமுள்ளோர் ஒன்று நீரால் அலம்பிவிடுவர், அல்லது காயவிட்டுத் தூரிகையால் உதிர்ப்பர். இரண்டுக்கும் நடுவே நின்று தேய்ப்பதுதான் வீண்வேலை. நம் இராசபாளையம் நாயைப்போல் குட்டை மயிருள்ள இனங்களுக்கு இத்தொல்லை குறைவு. ஆனால் அவை விரைவில் குளிரால் நடுங்கும்.

உலர்த்தும் வேலையில் முதற்பங்கை நாயே செய்கிறது. அதை உதறவிட வேண்டும், அதுவும் வண்டிக்கு வெளியே! அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் பல விலங்குகள் உதறுவதைப் படம்பிடித்து ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். சுண்டெலி வினாடிக்கு ஏறத்தாழ 30 முறையும், லாப்ரடார் 4 அல்லது 5 முறையும் உடலை உதறுகின்றன. சிறிய உடலில் சுழலும் வட்டமும் சிறிதாகையால், மயிரைப் பற்றியுள்ள நீர்த்துளியைப் பிய்த்தெறிய அதிக வேகம் தேவைப்படுகிறது. நாயின் தோல் தளர்வாக இருப்பதும் இங்கே உதவுகிறது. முதுகெலும்பு திரும்பும் அளவைவிடத் தோல் மிக அதிகமாகத் திரும்பி, துளிகளைச் சுழற்றி வீசுகிறது. இவ்வாறு மயிரிலுள்ள நீரில் 70 விழுக்காடு வரை ஒரு வினாடிக்குள் வெளியேறிவிடுமாம். எந்தத் துண்டு இதைச் செய்யும்?

அடுத்தது அலம்புதல். தோட்டத்துச் செடிகளுக்கு மருந்தடிக்கும் கைப்பம்பு போன்ற புதிய தெளிப்பான் ஒன்றும், ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான நீரும் போதும். மருந்து நிரப்பிய பழைய பம்பை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. கால்களும் அடிவயிறும்தான் சேற்றின் இருப்பிடம். முதுகை நனைக்க வேண்டியதில்லை. விரல்களின் இடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே சிறுகல், முள், புல்விதை ஒளிந்திருக்கும். குளிர்காலத்தில் அந்நாட்டுச் சாலைகளில் பனி உறையாமலிருக்க உப்பைத் தூவுவார்கள். அது பாதத்தை எரிக்கும், நாய் நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். ஒவ்வொரு நாளும் சோப்பு வேண்டாம்; மேல்மயிரின் இயற்கை எண்ணெய் போய்விடும். நாம் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உடையது, நாயின் தோலுக்கு அது ஏற்றதன்று.

காயவிட்டு உதிர்க்கலாம் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு உண்டு. கோடையில் ஏரிகளின் மேல் நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு. அவற்றுட் சில கொடிய நஞ்சை உண்டாக்கும். அத்தகைய நீரில் இறங்கிய நாய் தன் மயிரை நக்கிச் சுத்தம் செய்யும்போதே நஞ்சை உண்கிறது. அங்கே காத்திருத்தல் கூடாது. உடனே நல்ல நீரால் முழுதும் கழுவவேண்டும். வாந்தியோ தள்ளாட்டமோ கண்டால் கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டும்.

துண்டுக்கு வருவோம். டர்க்கித் துண்டு நல்லதுதான். ஆனால் ஒருமுறை நனைந்தால் வேனுக்குள் மறுநாளும் காயாது. மைக்ரோபைபர் துண்டு மெல்லிய செயற்கை இழைகளால் ஆனது. பிழிந்துவிட்டு உடனே மீண்டும் துடைக்கலாம். தலையும் காதும் முதலில், பின் உடல், கடைசியாகக் கால்கள். இந்த வரிசையில் சென்றால் ஒரே துண்டு போதும். தேய்க்காமல் அழுத்தி ஒற்றியெடுக்க வேண்டும். அதன்பின் டர்க்கித் துணியில் தைத்த அங்கியொன்றை நாய்க்குப் போர்த்தி விடுகிறார்கள். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் படுக்கை விரிப்பைக் காப்பாற்றுவது அதுதான்.

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதி. துடைத்த பின்னும் நாயின் மயிரில் அரை லிட்டர் நீர் தங்கியிருப்பதாகக் கொள்வோம். அது ஆவியாக ஏறத்தாழ 1200 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பநிலையிலுள்ள மூன்றரை லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! இதில் பெரும்பங்கை நாயின் உடல் கொடுக்கவேண்டி வந்தால், கிழநாயும் குட்டியும் என்னவாகும்? குளிரில் அவை நடுங்கிச் சோர்வது இதனால்தான்.

ஆவியான நீர் எங்கே போகிறது? 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 13 கிராம் நீராவியைத்தான் தாங்கும். வேனுக்குள் 10 கன மீட்டர் காற்று இருந்தால், முற்றிலும் உலர்ந்த காற்றாயினும் அதன் கொள்ளளவு 130 கிராமே. நம் கணக்கிலோ 500 கிராம் நீர் காத்திருக்கிறது. சன்னல்களை அடைத்துவிட்டால் அது குளிர்ந்த கண்ணாடியிலும் இரும்பிலும் நீராகப் படியும். நாள்பட்டால் பூஞ்சையும் துருவும் பிடிக்கும். நனைந்த நாயின் வாடையும் அப்படியே உள்ளே தங்கும். நாயின் மயிரில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருள்கள் ஈரம் ஆவியாகும்போது கூடவே கிளம்பி வருவதே அவ்வாடைக்குக் காரணம். ஆகவே குளிரானாலும் கூரையிலுள்ள காற்றுத்துளையையும் ஒரு சன்னலையும் சிறிதாவது திறந்து வைக்கவேண்டும்.

சிலருக்கு வேறொரு யோசனை தோன்றும். சமையல் அடுப்பைப் பற்றவைத்து, கதவையெல்லாம் மூடி, நாயையும் துண்டையும் காயவைத்தால் என்ன? இதைவிடத் தவறான வழி இல்லை. ஒரு கிலோ புரோப்பேன் வாயு எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீர் உண்டாகிறது. அதாவது உலர்த்துவதற்காக மூட்டிய நெருப்பே ஈரத்தைக் கூட்டுகிறது. அதுகூடப் பரவாயில்லை. மூடிய இடத்தில் பிராணவாயு குறையக் குறையக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், பிறகு விழிப்பே இல்லை. கரி அடுப்பை வண்டிக்குள் கொண்டுவந்து குளிர்காய்ந்தவர்கள் இவ்வாறு மாண்டதுண்டு. தணலாக அடங்கிய கரியும் இவ்வாயுவை வெளியிடும். வண்டியிலேயே பொருத்தப்பட்ட சூடேற்றி வேறு வகை. அதன் நெருப்பு தனி அறைக்குள் எரிந்து, புகை குழாய் வழியே வெளியே போகும். உள்ளே வருவது வெப்பக் காற்று மட்டுமே. அதனுடன் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணி ஒன்றும் இருக்கவேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

துடைக்கும் கைகளுக்கும் காவல் தேவை. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலும் சேற்றிலும் லெப்டோஸ்பைரா என்னும் கிருமி உண்டு. நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்போமே, அதே நோய். இதன் கடுமையான வடிவத்தை 1886இல் அடோல்ப் வெயில் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்தே துடைக்கவேண்டும். முடிந்ததும் சோப்பிட்டுக் கழுவவேண்டும். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடலாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் நாயின் கால்களைக் கழுவுவது அறவே ஆகாது.

துடைக்கும் அதே நேரத்தில் காதின் பின்புறம், அக்குள், விரலிடுக்கு ஆகியவற்றை விரலால் தடவிப் பார்த்தால் உண்ணி தட்டுப்படும். அந்நாட்டு உண்ணிகளில் சில லைம் நோயைப் பரப்புவன. எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. அதற்கென உள்ள சிறு கொக்கியைத் தோலருகே செருகி, திருகி, தலையோடு எடுக்கவேண்டும்.

நாய் காயும்வரை வண்டியில் தனியே விட்டுச் செல்லலாமா என்று கேட்பீர்கள். வெயில் இருந்தால் கூடாது. வெளியே 22 டிகிரிதான் என்றாலும் மூடிய வண்டிக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறக்கூடும். வெளியே ஒரு மர நிழலில், காற்றோட்டத்தில், கிண்ணத்தில் குடிநீர் வைத்து, யாராவது ஒருவர் உடனிருந்து காயவிடுவதே சரி. ஈரத்துண்டையும் அங்கேயே கொடிகட்டி உலர்த்தலாம்.