நொய்யலும் காவிரியும்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரியாகவும் வடகிளை கொள்ளிடமாகவும் ஓடித் திருவரங்கத்தைத் தீவாக்குகின்றன. இவ்வாற்று நீரையே திருச்சிராப்பள்ளி மாநகரம் பருகுகிறது. அந்நீரின் தன்மையோ நெடுந்தொலைவுக்கு மேற்கே முடிவாகிறது. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது.

பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு மிகுதியாகத் தேவை. வழக்கமான சுத்திகரிப்பு சாயக்கழிவின் நிறத்தை நீக்கும். கரைந்த உப்பை நீக்காது. ஆகவே, கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் நீரும் பயிரைக் கருக்கிவிடும். கழிவுநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது விதி. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகிய காலத்தில் அவ்விதி ஏட்டளவிலேயே நின்றது. பாசனத்திற்கென 1992இல் ஒரத்துப்பாளையத்தில் எழுந்த அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவின் தேக்கமாயிற்று. தமக்காகக் கட்டப்பட்ட அணையின் நீரைத் தம் வயலுக்கு விடவேண்டாம் என்று உழவர்களே மறுக்கும் நிலை வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி, கழிவுநீரை வெளியேற்றும் ஆலை எதுவும் வாரியத்தின் இசைவைப் பெற்றாக வேண்டும். ஆலையை எழுப்புமுன் நிறுவுவதற்கான இசைவாணையும், உற்பத்தியைத் தொடங்குமுன் இயக்குவதற்கான இசைவாணையும் தேவை. உரிமம் என்னாமல் இசைவு என்றது பொருத்தமே. நிபந்தனை மீறப்பட்டால் இசைவைத் திரும்பப் பெறலாம். ஆலையை மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் வாரியம் ஆணையிடலாம். தமிழ்நாட்டில் இப்பொறுப்பு 1982இல் அமைந்த மாசு கட்டுப்பாடு வாரியத்தினுடையது. அதிகாரம் இருந்தும் ஆறு கெட்டது. வேலைவாய்ப்பும் அந்நியச் செலாவணியும் தரும் தொழிலின்மீது கை வைக்கத் தயங்கியதே காரணம் எனலாம்.

நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். சாயக்கழிவு சொட்டும் வெளியேறலாகாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் காலக்கெடு விதித்தது. கெடு முடியும்வரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர் கணக்கில் தண்டமும் விதித்தது. உச்சநீதிமன்றமும் 2009இல் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை உறுதிசெய்தது. அதன் பின்னும் கழிவு நிற்கவில்லை. 2011 சனவரி 28 அன்று சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். விதியை மீறியதில் அவர்களுக்குப் பங்கில்லை; தண்டனையில் மட்டும் பங்கு கிடைத்தது.

கழிவற்ற முறைக்கு மாறிய பட்டறைகள் பின்னர்ப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. இம்முறையில் சவ்வுகளின் வழியே நல்ல நீர் பிரித்தெடுக்கப்பட்டு மீண்டும் சாயமிடப் பயன்படுகிறது. எஞ்சிய உவர்நீரைக் கொதிக்க வைத்து உப்பாக்குகின்றனர். அவ்வுப்பில் ஒரு பகுதி மீண்டும் பயன்படும். பயன்படாத கலப்பு உப்போ மூட்டைகளில் தேங்குகிறது. ஆற்றுக்குள் போகாத அவ்வுப்பை எங்கே வைப்பது என்பதே இன்று வாரியத்தின் முன்னும் பட்டறைகளின் முன்னும் உள்ள வினா.