சோறு போடும் கணினியைக் காப்பாற்றுங்கள்

மார்ச் மாதக் கடைசி வாரம். எங்கள் தெருவில் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் காலையில் மூச்சிரைக்க ஓடி வந்தார். "அண்ணா, ஒரு ஃபைலும் திறக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர் என்று ஆறு வருட உழைப்பு. எல்லா ஃபைலின் பெயருக்கும் வாலில் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்று ஒரு குறிப்பு: 980 டாலர் கட்டினால் பூட்டைத் திறப்போம், 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி, 490 டாலர் போதும்.

'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் அழைக்கப்படும் ரான்சம்வேர் அது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, நம் வீட்டுக் கணினிகளைக் குறிவைத்தே பரவிய வகை.

"நேத்து ராத்திரி புதுசா எதையாவது இன்ஸ்டால் பண்ணுனீங்களா தம்பி?"

"டிசைன் சாஃப்ட்வேர் கிராக் ஒண்ணு போட்டேன்ணா. ஆன்ட்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு போடணும்னு இருந்துச்சு. அப்படியே செஞ்சேன்."

பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் வைத்திருந்தார். ஆனால் அது இரவும் பகலும் கணினியிலேயே செருகிக் கிடந்தது. அதில் இருந்தவையும் சேர்ந்தே பூட்டப்பட்டுவிட்டன.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களிடம் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் காட்சிதான் காரணம்: வைரஸ் பெரும்பாலும் சுவரேறிக் குதித்து வருவதில்லை. நாமே கதவைத் திறந்து உள்ளே விடுகிறோம். அதனால் எந்த ஆன்ட்டிவைரஸ் வாங்கலாம் என்பது முதல் கேள்வியே இல்லை. விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதுமானது. அதை அணைக்காமல் இருப்பதுதான் முக்கியம். ஆன்ட்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் எந்த மென்பொருளையும் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

கிராக் போட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதச் சந்தாவே இரண்டு நாள் கூலியாக இருக்கும்போது, இலவசமாகக் கிடைப்பதை நோக்கிக் கை போகத்தான் செய்யும். ஆனால் நேர்மையாகவே இலவசமாகக் கிடைப்பவை இருக்கின்றன: கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ், படத் திருத்தத்துக்கு கிம்ப், லோகோவுக்கும் பத்திரிகைக்கும் இங்க்ஸ்கேப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். பழக ஒரு மாதம் ஆகும். ஆறு வருட ஃபைல்களை இழந்தால் அதை ஈடுகட்ட எத்தனை மாதம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, கணினி யார் கையில் இருக்கிறது என்பது. பகலில் உங்கள் அலுவலக வேலை, மாலையில் பிள்ளையின் கேம், இரவில் வீட்டுக்கு வந்த மச்சானின் பட டவுன்லோட். எல்லாம் ஒரே அக்கவுன்ட்டில், அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுன்ட்டில். இன்றே செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட் உருவாக்குங்கள். நீங்களும் அன்றாட வேலையை ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டிலேயே செய்யுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் பார்ப்பவர் சொன்னார் என்று எல்லா ஃபைலையும் டி டிரைவில் போட்டு வைப்பது நம்மூர் வழக்கம். அந்த டிரைவ் பொதுவாக எல்லா அக்கவுன்ட்டுக்கும் திறந்தே கிடக்கும். உங்கள் அக்கவுன்ட்டின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் இன்னொரு ஸ்டாண்டர்டு அக்கவுன்ட்டால் நுழைய முடியாது. வேலை ஃபைல்களை அங்கே மாற்றுங்கள்.

"என் கணினியில் யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு லாஸ்ட்பாஸ் கதையைச் சொல்வேன். லட்சக்கணக்கானோர் பாஸ்வேர்ட்களைப் பாதுகாக்க நம்பியிருந்த அமெரிக்க நிறுவனம் அது. 2022இல் திருடர்கள் அதற்குள் புக முக்கிய வழியாக அமைந்தது ஒரு மூத்த பொறியாளரின் வீட்டுக் கணினி. நிறுவனத்தின் பேக்கப் கிடங்குக்கான சாவியைத் தொடக்கூடியவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் அவரும் ஒருவர். வீட்டில் படம் பார்க்க பிளெக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருந்தார். அதிலிருந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே அப்டேட் வந்துவிட்டது. அவர் போடவில்லை. திருடர்கள் அந்த ஓட்டை வழியாகக் கீலாக்கரை வைத்தார்கள். அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்ட் எழுத்து எழுத்தாக அவர்களிடம் போனது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கோட்டைச் சுவர், ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இடிந்தது.

அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கத்தை இதைப் படித்த பிறகாவது விட்டுவிடுங்கள். 2017 மே 12ஆம் தேதி உலகையே உலுக்கிய வான்னாகிரை ரான்சம்வேருக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே கொடுத்துவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தும் பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் வரை முடங்கின. விண்டோஸ் மட்டுமல்ல, பிரவுசர், வீடியோ பிளேயர், பிடிஎஃப் மென்பொருள் எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள். பயன்படுத்தாததை நீக்குங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காவிட்டால், லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் போதும் என்ற வேலைக்கு அது தாராளம்.

மெயில் இணைப்புகளில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. விண்டோஸ் ஃபைலின் கடைசி எழுத்துகளை மறைத்துக் காட்டும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸில் கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ், காதல் கடிதம் போல வேடமிட்டு இதே தந்திரத்தில்தான் உலகம் சுற்றியது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். அரை நிமிட வேலை.

ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். அதைவிட நல்லது, பிரின்ட் எடுக்க வேண்டியதை மெயிலில் அனுப்பிவிடுவது.

பேக்கப் பற்றி எங்கள் தெருத் தம்பி கற்ற பாடம்: நகல் எடுத்தவுடன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். செருகியிருக்கும் டிஸ்க் இன்னொரு ஃபோல்டர்தான், பேக்கப் அல்ல. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடித்ததும் ஒரு நகல் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கூடவே கூகுள் டிரைவில் ஒரு நகல். அது பூட்டப்பட்ட ஃபைலையும் அப்படியே ஏற்றிக்கொள்ளும் என்றாலும், பழைய பதிப்பை 30 நாள் வரை வைத்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் புரொடெக்ஷன் என்ற பகுதியில் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கிறது. அது தானாக இயங்காது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். அனுமதி பெறாத மென்பொருள் உங்கள் டாக்குமென்ட்ஸைத் தொட்டால் தடுத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதோ புகுந்துவிட்டது என்று சந்தேகம் வந்தால், முதலில் வைஃபையை அணையுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். திரையை போனில் படமெடுத்து வையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மேட் செய்ய வேண்டாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களை அள்ளிச் செல்வதற்கென்றே வைரஸ்கள் இருப்பதால், மெயில், வங்கி, அலுவலக பாஸ்வேர்ட்களை போனிலிருந்து மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலும் லாக்அவுட் கொடுங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். பூட்டைத் திறக்கப் பணம் கட்டாதீர்கள். யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் உங்கள் பூட்டுக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று தேடுங்கள். தம்பிக்கு அங்கே கிடைத்த கருவியால் சில ஃபைல்கள் மீண்டன. மற்றவை இன்னும் ஒரு டிஸ்க்கில் பூட்டியபடியே இருக்கின்றன. என்றாவது சாவி வரும் என்று வைத்திருக்கிறார்.

அலுவலக வேலை செய்யும் கணினி என்றால் ஐடி பிரிவுக்கு அந்த நிமிடமே சொல்லுங்கள். வேலைக்கு வேட்டு வந்துவிடுமோ என்று பயந்து ஒரு நாள் மூடி மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த ஃபைலைத் திறந்தீர்கள், அதன்பின் என்ன நடந்தது என்று நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதி அனுப்பிவிட்டு, மேலாளருக்குப் போன் போடுங்கள்.