டெல்லிக்குக் குடிபோகிறீர்களா?

முதல் குளிர்காலத்தில் உங்களைச் சோதிப்பது இட்லி மாவுதான். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் சில நாள் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். அரைத்த மாவு மறுநாளும் அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, மூடிய அலமாரிக்குள் வையுங்கள். தயிருக்கும் இதே வைத்தியம். மே மாதத்தில் கதை தலைகீழ்: காலையில் அரைத்தால் மதியமே பொங்கி வழியும்!

ரஜாயை (பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை) அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். ஏர்கூலர் மே, ஜூன் வறண்ட வெயிலுக்கு அருமை; ஜூலையில் மழை வந்துவிட்டால் புழுக்கத்தைத்தான் கூட்டும்.

இந்தி தெரியாதே என்று தயங்காதீர்கள். கடைக்காரர் சொல்லும் கணக்கு புரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'டேட் ஸௌ' என்றால் 150, 'டாயி ஸௌ' என்றால் 250, 'பாவ்' என்றால் கால் கிலோ. 'டாயி'யை இரண்டு என்று நினைத்து 200 ரூபாயை நீட்டி விழித்தவள் நான். காய்கறிக்காரரை 'பையா' (அண்ணா) என்று கூப்பிட்டால் கொத்துமல்லி, பச்சை மிளகாய் கொசுறாக வரும், கேட்க மறக்காதீர்கள்.

வாடகை வீடென்றால் போலீஸ் சரிபார்ப்பை வீட்டுக்காரரிடம் வற்புறுத்தி முடியுங்கள்.

ஊர் நினைப்பு வாட்டுகிறதா? கிருத்திகையன்று ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குப் போய் வாருங்கள்.