பூசுவதற்கு முன்னால்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதமே, நாற்பது வயதான கம்பெனிக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் குழுவில் உன்னையும் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. முகப்புக்குக் கண்ணாடி, உள்ளே ஃபால்ஸ் சீலிங், புது வண்ணம் என்று எல்லாம் முடிவாகிவிட்டதாம். மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று மட்டும் எங்கும் குறித்து வைக்கவில்லை என்கிறாய். அதை விடாதே, அம்மாடி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்மூர் கலெக்டர் ஆபீஸை நீ சின்ன வயதிலிருந்தே பார்க்கிறாய். தொண்டைமான் மன்னர்களின் அரண்மனை அது. 1948 மார்ச் 3இல் அவர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஒரு குடும்பம் குடியிருந்த இடத்தில் இன்று பைல்களும் பீரோக்களும், திங்கட்கிழமையானால் மனுவோடு வரும் கூட்டமும். அங்கே போகும்போதெல்லாம் நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். உன் கட்டடத்துக்கும் சுமை இப்படித்தான் மாறியிருக்கும். மின்விசிறிக்கும் குழல் விளக்குக்கும் இழுத்த வயரில் இன்று ஏசி ஓடும். சுவரை விசாரிக்கும் முன் வயரை விசாரி. பழைய கட்டடத்தில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சென்னை சேப்பாக்கத்தில் அரசு அலுவலகங்கள் இருந்த கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தது. தீயணைக்கப் போன அலுவலர் ஒருவர் உயிரிழந்தார்.

அந்த மகாலைப் பொதுப்பணித் துறை இடித்துத் தள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுச் சுண்ணாம்புக் கட்டு என்பதால் சுண்ணாம்புக் கலவையே அரைத்து எழுப்பினார்கள். இதன் காரணத்தை நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் வெளியேறும் வழி அடைபடும். ஈரம் உள்ளேயே நின்று, உப்பையும் சுமந்துகொண்டு மேலே ஏறும். கொத்தனார்கள் 'ஓதம் ஏறுது' என்பது இதைத்தான். இளம் வயதில் ஒரு பழைய அலுவலகச் சுவருக்கு நானே சிமென்ட் பூசச் சொன்னேன். இடுப்பளவு இருந்த ஓதம் இரண்டு மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு ஏறியது. வேண்டாம் என்று முதல் நாளே சொன்ன வயதான கொத்தனாரின் பேச்சை நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

உன்னுடையது கான்கிரீட் கட்டடம். அங்கே எதிரி துரு. ஈரமும் காற்றும் உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் மேல் கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். சின்னச் சுத்தியலால் தூண்களையும் உத்தரங்களையும் தட்டிக்கொண்டே போ. கணீரென்று கேட்டால் சரி. பொள்ளலாகக் கேட்டால் சாக்பீஸால் வட்டம் போடு. அந்த இடத்தில் கம்பி தெரியும்வரை உடைத்துத் துருவைச் சுரண்டி எடுக்காமல், மேலே பூசி மறைக்க யாரையும் விடாதே. விரிசல் இருந்தால் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வை. கண்ணாடி உடைந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது என்று பொருள்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி எனக்குப் பயம் உண்டு. ஒழுகல் தெரியாமல் போகும். நாலைந்து இடத்திலாவது திறந்து பார்க்கும் கதவு கேள்.

மாடியில் தட்டோடு பதிக்கும்போது வாட்டம் சரியா என்று குடம் தண்ணீர் ஊற்றிப் பார். தண்ணீர் நிற்காமல் குழாய்க்கு ஓட வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவு, நம் வீட்டு மாடிக் குழாயில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டதும் கூடத்துக்குள் தண்ணீர் இறங்கியதும் உனக்கு நினைவிருக்கும். ஐப்பசிக்கு முன் உன் கட்டடத்தின் மாடி வேலையை முடித்துவிடச் சொல்.

தீபாவளிக்கு வருவாய் அல்லவா? மழை பெய்தால் குடையோடு கலெக்டர் ஆபீஸ் வரை நடந்து போவோம். மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்று வெளியே நின்று பார்க்கலாம். சுத்தியலையும் கொண்டு வா. நம் வீட்டுப் பின்கட்டில் ஒரு தூணைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
தாத்தா