கோபம் போகவேண்டும் என்று உட்காராதே

அன்புள்ள தம்பிக்கு,

காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்தும், பத்து மணிக்கு அலுவலகத்தில் கோபம் பொங்கிவிடுகிறது, தியானம் எனக்கு ஒத்துவரவில்லையோ என்று கேட்டிருக்கிறாய். ஒத்துவருகிறது. அது என்ன தரும் என்று நீ எதிர்பார்க்கிறாயே, அதில்தான் கோளாறு. இதை விளக்க, ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஷார்லட் ஜோகோ பெக் 1917இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஓபர்லின் இசைப்பள்ளியில் பியானோ படித்தார். மணவாழ்க்கை முறிந்த பிறகு நான்கு பிள்ளைகளைத் தனியே வளர்த்தார். ஆசிரியை, செயலர், பல்கலைக்கழகத் துறை உதவியாளர் என்று கிடைத்த வேலைகளைச் செய்தார். நாற்பதைத் தாண்டிய பிறகே ஜென் பௌத்தத் தியானத்தின் பக்கம் வந்தார். மேலதிகாரியின் குரல், வீட்டு வாடகை, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் தெரிந்தவர் பேசுகிறார் என்பதாலேயே அவர் சொல்வது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் ஜென் மையத்தில் மேசுமி ரோஷி என்ற ஆசிரியரிடம் பயின்று, கற்பிக்கும் உரிமையும் பெற்றார். 1983இல் அந்த மையம் ஆட்டம் கண்டது. மேசுமி தம் குடிப்பழக்கத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு சிகிச்சைக்குப் போனார். மாணவிகளோடு அவருக்கிருந்த உறவுகளும் வெளியே வந்தன. ஞானம் பெற்றவர் என்று எல்லோரும் வணங்கிய ஆசிரியர் அவர்! ஆழ்ந்த அனுபவம் வாய்த்த மனத்திலும் பழைய முடிச்சுகள் அப்படியே கிடக்கக்கூடும். ஜோகோ அதே ஆண்டு சான் டியேகோவுக்குப் போய்க் கற்பிக்கத் தொடங்கினார். தலை மழிப்பதை நிறுத்தினார். அங்கி, பட்டம் இவற்றையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். பெரிய அனுபவங்களைத் துரத்துவதை விட, அன்றாடம் நம்மை ஆட்டிவைக்கும் கோபத்தையும் பயத்தையும் பார்ப்பதே பயிற்சி என்றார். 1989இல் வந்த ‘எவ்ரிடே ஜென்’ நூலில் இந்தப் போக்கைக் காணலாம்.

அவர் கற்றுக்கொடுத்த முறை எளிது, செய்வதுதான் கடினம். எண்ணம் வந்ததும் அதற்குப் பெயர் சொல்ல வேண்டும். ‘கோபம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மனத்தில் ஓடிய வாக்கியத்தை அப்படியே எடுத்துச் சொல்: “‘குழுவில் எல்லார் முன்னாலும் என்னை மட்டம் தட்டினார்’ என்று ஓர் எண்ணம்.” அவ்வளவுதான். சரியா தவறா என்று வாதாடாதே. இப்படிச் சில வாரம் சொல்லிவந்தால் ஒரே வாக்கியம் வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருவது தெரியும். அலுவலகத்தில் மேலதிகாரி, வீட்டில் அண்ணன், பேருந்தில் நடத்துநர், ஆள்தான் வேறு.

பிறகு உடம்புக்கு வா. தாடை இறுகுகிறதா, வயிறு சுருங்குகிறதா, காது மடல் சுடுகிறதா? அங்கேயே கொஞ்சம் இரு. தளர்த்த முயலாதே. கோபத்துக்கு அடியில் பெரும்பாலும் வலியோ பயமோ இருக்கும். அது வாதத்தில் அகப்படாது; நெஞ்சில் ஒரு கனமாகத்தான் தெரியும். மூன்று மூச்சு நேரம் அதை ஓடவிடாமல் உணர்ந்தாலே அன்றைய பயிற்சி நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

ஜோகோவின் வழிவந்த ஆசிரியர்களில் பாரி மேகிட் ஓர் உளப்பகுப்பாய்வு மருத்துவர். நம்மில் ஒரு பகுதியை ஒழித்துக்கட்டவே பலர் ரகசியமாகத் தியானத்துக்கு வருகிறார்கள் என்பது அவர் எச்சரிக்கை. உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார். கோபப்படாத தம்பியாக மாறவேண்டும் என்ற ஆசை வரிக்கு வரி இருக்கிறது. அந்த ஆசையும் ஓர் எண்ணம்தான். அதற்கும் பெயர் சொல்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். உணர்ந்து உட்கார்வது என்றால் அநியாயத்தைச் சகித்துக்கொள்வது அல்ல. மேலதிகாரி உண்மையிலேயே அவமதித்தால் நேரில் பேசு, தேவைப்பட்டால் எழுத்தில் புகார் கொடு. தூக்கமே வராத இரவுகள் நீண்டாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ மனநல மருத்துவரிடம் போ. தியானத்தை நம்பி அதைத் தள்ளிப்போடாதே.

கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜெண்டோவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தாய். அமா சாமி என்ற இயேசு சபைப் பாதிரியார் உருவாக்கிய ஜென் மையம் அது. விடுப்பு கிடைத்தால் தாராளமாகப் போய் வா. அதற்கு முன்பு, உனக்கு அடிக்கடி வருகிற வாக்கியம் எது என்று கண்டுபிடித்து எனக்கு எழுது. அழகுபடுத்தாமல், வந்தபடியே எழுது.

அன்புடன்,
அண்ணன்