மூத்தவரா? இளையவரா?

உலகெங்கும் ஆடப்படும் காற்பந்து வேறு. அமெரிக்கக் காற்பந்து வேறு. அமெரிக்கக் காற்பந்தில் தாக்குதலை வழிநடத்துபவரைக் 'குவாட்டர்பேக்' என்பர். பந்தை யாருக்கு வீசுவது, எப்போது வீசுவது என்பதை அவர் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டும். இப்பொறுப்பில் வழக்கமாக ஒருவரே களமிறங்குவார்.

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் 1992 முதல் இப்பொறுப்பை ஏற்றிருந்தவர் பிரெட் ஃபார்வ். அவர் மூன்று முறை லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றவர். 1997 ஜனவரியில் அணிக்குச் 'சூப்பர் பௌல்' வெற்றியைத் தேடித் தந்தவர். 2008 மார்ச்சில், தமது 38ஆம் வயதில், அவர் கண்ணீர் மல்க ஓய்வை அறிவித்தார். மூன்றாண்டுகள் காத்திருந்த ஆரன் ரோட்ஜர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்க அணி முடிவு செய்தது. சில மாதங்களில் ஃபார்வ் மனம் மாறி, மீண்டும் ஆட விரும்பினார். இரசிகர்களே பங்குதாரர்களாக உள்ள அந்த அணியைப் பற்றி ஊரெங்கும் விவாதம் எழுந்தது.

"சென்ற பருவத்தில் 16 ஆட்டங்களில் 13 வெற்றிகள் கிடைத்தன. வென்று காட்டியவரை விடுத்து, ஓர் ஆட்டத்தையும் தொடக்கம் முதல் ஆடாத இளைஞரை நம்புவதா?" என்பது ஒரு தரப்பின் வாதம். "வாக்குக் கொடுத்த பின் மாறலாமா? இளையவருக்கு வாய்ப்பளிக்காவிட்டால் நாளைய அணி எப்படி உருவாகும்?" என்றது மறுதரப்பு.

அணி இளையவரையே தேர்ந்தெடுத்தது. ஆகஸ்டில் ஃபார்வ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அப்பருவத்தில் பேக்கர்ஸ் ஆறு ஆட்டங்களில் மட்டுமே வென்றது. மறு பருவத்தில், மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு ஆடிய ஃபார்வ், தம் பழைய அணியை இருமுறை வீழ்த்தினார். முடிவு தவறோ எனப் பலர் ஐயுற்றனர். ஆனால், 2011 பிப்ரவரியில் ரோட்ஜர்ஸ் தலைமையில் பேக்கர்ஸ் 'சூப்பர் பௌல்' வென்றது.

காலம் சுழன்றது. 2023இல், 39 வயதான ரோட்ஜர்ஸும் அதே ஜெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். மூன்றாண்டுகள் காத்திருந்த ஜோர்டன் லவ் அவரது இடத்தைப் பெற்றார்.

இதற்கிடையே, 2015இல் பேக்கர்ஸ் அணி ஃபார்வை மீண்டும் அழைத்துச் சிறப்பித்தது. அவர் அணிந்த 4ஆம் எண்ணை இனி எவருக்கும் வழங்குவதில்லை என முடிவு செய்தது. மூத்தவருக்கு நன்றி செலுத்துவதும் இளையவருக்கு வழிவிடுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. எனினும், இரண்டையும் ஒரே நாளில் செய்வது எவருக்கும் எளிதன்று.