எந்த உமாதேவி?

தம்பி,

மும்பை கோவண்டியின் ஒப்பந்த ஆசிரியைகளுக்காக நீ எழுதிய கட்டுரையை நேற்று படித்தேன். தலைப்பிலிருந்து கடைசி வரி வரை 'உமாதேவி வழக்கு' என்கிறாய். ஆண்டு எங்குமே இல்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது. நீ சொல்வது மகப்பேறு விடுப்பு பற்றி 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு. கோவண்டியின் சிவாஜி நகரில் ஒப்பந்தத்தில் பாடம் நடத்தும் ஒரு பெண் அந்தப் பெயரைத் தேடி, 2006 ஏப்ரலில் வந்த கர்நாடக உமாதேவி தீர்ப்பில் போய் நின்றால்? தற்காலிகப் பணியாளர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று ஐந்து நீதிபதிகள் சொன்னது அது. நிர்வாகத்தின் வக்கீல்கள் இன்றுவரை கையில் எடுப்பதும் அதைத்தான். அவள் மனுவே போடமாட்டாள்.

இன்னொன்று, அந்தப் பரிதாபத் தொனி. 2025 வழக்கின் உமாதேவி, தர்மபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை, இரக்கத்தால் ஜெயிக்கவில்லை. இரண்டு குழந்தை இருப்பவருக்கு மகப்பேறு விடுப்பு கிடையாது என்று தமிழ்நாடு அடிப்படை விதி 101(ஏ)-ஐக் காட்டி மறுத்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கொடுக்கச் சொன்னார். அதே ஆண்டு டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமோ 1961ஆம் ஆண்டு மகப்பேறு சட்டத்தையும் எடுத்துப் பார்த்தது. இரண்டு குழந்தை இருந்தால் 26 வாரம் 12 ஆகக் குறையுமே தவிர, விடுப்பே இல்லை என்று சட்டம் சொல்லவில்லை. அந்த 12 உன் கட்டுரையில் எங்கே? விதி, அதன் எண், தீர்ப்பின் தேதி: இவற்றை எழுதிய பிறகு கண்ணீரை எழுது. இதை நான் சாகும்வரை சொல்வேன்.

2000 மார்ச் 8 அன்று, டெல்லி மாநகராட்சியின் மஸ்டர் ரோல் பெண்களுக்கும் இதே மகப்பேறு சட்டம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. தினக்கூலிக்கு ரோடு தோண்டியவர்கள். அதை ஜெராக்ஸ் எடுத்துத் தாராவியில் வீடு வீடாகக் கொடுத்தோம். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அக்கா தேதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு மேஸ்திரி முன்னால் போய் நின்றார். கோவண்டியின் ஒப்பந்த ஆசிரியைகளுக்கு நேராக உதவுவதும் அந்தத் தீர்ப்புதான். அதை நீ தொடவே இல்லை.

ஆனால் ஒரு பத்தி! முதல் இரு குழந்தைகளும் உமாதேவி 2012 டிசம்பரில் வேலைக்குச் சேரும் முன்பே பிறந்தவர்கள், பணியில் இருக்கும்போது பெறும் முதல் குழந்தை மூன்றாவதுதான் என்று இரண்டே வரியில் வைத்திருக்கிறாய். இத்தனை தெளிவாக எந்தச் சட்டப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. மற்றதைத் திருத்தி, ஜூனில் பள்ளி திறக்கும் முன் மறுபடி அச்சடித்துக் கொடு.